சிரித்தது பல்லுக்கு அல்ல

எழுதிக்குங்க தம்பி. டிவி ஒண்ணு, கலர். பாக்குறவங்க ரெண்டு பேரு, நானும் எங்க வீட்டுக்காரரும். அவரு எங்க பாக்குறாரு, எதிர்ல உக்காந்து தூங்குவாரு. ஆனா நிறுத்தினா முழிச்சுப்பாரு. அதுக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இருக்கா? இல்லையா. சரி, பாக்குறாருன்னே போட்டுக்குங்க.

அடுத்தது என்ன கேட்டீங்க? ஞாயித்துக்கிழமை ஏழரை மணிக்கு ‘ரகளை ராஜ்ஜியம்’ பாப்பீங்களா, ரொம்பப் பிடிக்குமா, சுமாரா, பிடிக்காதா. இதுக்கு ஒரு டிக் அடிச்சு பதில் சொல்ல முடியாது தம்பி. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. அந்த நிகழ்ச்சியில ஒரு சிரிப்பு வரும்ல, முதல்ல கீச்சுன்னு ஒத்தையா கிளம்பி, அப்புறம் பித்தளக் குடம் மாடிப்படியில உருண்டு வர்ற மாதிரி வருமே, அது நான்தான்.

இப்ப சிரிச்சுக் காட்டச் சொல்லாதீங்க. எனக்கு வந்தாத்தான் வரும். பொய்யா ஒரு சிரிப்பு இந்த வாயிலருந்து வந்ததில்ல. அதே மாதிரி ஒரு ரகசியமும் வெளிய போனதில்ல. என்கிட்ட ஒண்ணு சொன்னா கிணத்துல போட்ட கல்லு. யார வேணா கேட்டுப் பாருங்க, இந்தத் தெருவுல எல்லாரும் என்கிட்டதான் வந்து சொல்லுவாங்க. சொன்ன மறுநாளே எப்படித்தான் எல்லாருக்கும் தெரிஞ்சு போவுதோ.

நான் கல்யாணம் ஆகி வந்த மூணாம் நாளு, சாப்பாட்டுப் பந்தியில எதுக்கோ சிரிச்சுட்டேன். எங்க அண்ணி, அதான் எங்க வீட்டுக்காரரோட அக்கா, சௌந்தரம்னு பேரு, செங்கல்பட்டுல இருக்காங்க, அவங்க கரண்டியக் கீழ வச்சிட்டு, “பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு”ன்னாங்க. அன்னைக்கு வாயில முந்தானைய வச்சேன். இருபத்திரண்டு வருஷம் வச்ச இடத்துல வச்ச மாதிரியே இருந்தேன். சிரிப்பு வந்தா பாத்ரூமுக்குப் போயி குழாயத் தொறந்து விட்டுட்டு சிரிப்பேன். எங்க வீட்டுக்காரரு தண்ணி மோட்டார் ஆப்பரேட்டரு, தண்ணி வீணாவுதேன்னு அவருக்கு ஒரே கவல.

இப்படி இருந்தப்பதான் கேபிள் வந்துச்சு. எங்க விருகம்பாக்கம் மகளிர் மன்றத்துக்கு ஒரு பஸ் வந்துச்சு. ‘ரகளை ராஜ்ஜியம்’ ரெக்கார்டிங் பாக்க அறுபது பொம்பளைங்க வேணும், எலுமிச்சஞ்சோறு குடுப்போம்னாங்க. போனோம். அங்க வின்சென்ட்டுன்னு ஒருத்தரு, உதவி டைரக்டரு. நாடகம் எழுதுறதும் அவருதான், எங்கள வரிசையா உக்கார வைக்கிறதும் அவருதான். மேல ரெண்டு பல்பு கட்டியிருந்தாங்க. செவப்பு எரிஞ்சா கைதட்டணும், பச்ச எரிஞ்சா சிரிக்கணும். பச்ச எரிஞ்சுது, அம்பத்தொம்பது பேரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. பல்புக்கு சிரிக்க நான் என்ன ஈசலா? வின்சென்ட்டு வந்து, “ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?”ன்னாரு. நாடகத்துக்குத்தான் தம்பி உடம்பு சரியில்லன்னேன்.

அப்புறம் ஒரு கட்டம் வந்துச்சு. பெரிய கதாநாயகி ஒருத்தங்க அந்த வாரம் விருந்தாளி. வாரம் ஒரு சினிமாக்காரங்கள கூட்டிட்டு வந்து நாடகத்துல நடிக்க வைக்கிறதுதான அந்த நிகழ்ச்சியோட விசேஷம். ரேஷன் கடை க்யூவுல நிக்க வச்சுட்டாங்க அந்தம்மாவ. அவங்களுக்கு மண்ணெண்ணெய் கேன எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியல. கைக்குழந்தைய இடுப்புல வைக்கிற மாதிரி வச்சுகிட்டு நின்னாங்க, தட்டிக் குடுத்துகிட்டு. எனக்கு வந்துச்சு பாருங்க. இருபத்திரண்டு வருஷத்துச் சிரிப்பு. நான் ஆரம்பிச்சதும் மத்த அம்பத்தொம்பது பேரும், கேமராக்காரரும், டீ கொண்டு வந்தவரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தக் கதாநாயகியும் சிரிச்சாங்க, எதுக்குன்னு தெரியாமலே.

அன்னையிலருந்து முதல் வரிசை, நடு சீட்டு, என்னோடது. என் ரசனை மேல அவங்களுக்கு அப்படி ஒரு மரியாத. ஒவ்வொரு நாடகமும் முடிஞ்சா வின்சென்ட்டு என் மூஞ்சியத்தான் பாப்பாரு. இடைவேளையில பக்கத்துல வந்து உக்காந்து, “உங்க வீட்டுல என்னக்கா வேடிக்கை நடந்துச்சு?”ன்னு கேப்பாரு. நானும் நாலு வார்த்தை பேசுவேன். பேச்சுக்குப் பேச்சு, அவ்வளவுதான்.

இப்ப சொல்லப் போறது ஒரு ரகசியம். நீங்க பேனாவ மூடி வச்சிருங்க.

ஒரு வாரம் சூறாவளி சோமநாதன் வந்தாரு. உங்க வயசுக்குத் தெரியாது. எங்க காலத்துல அவரு குதிர மேல வந்தா தியேட்டர்ல கற்பூரம் கொளுத்துவாங்க. சண்டை, கத்தி, எல்லாத்தையும் விட அந்த முடி தம்பி. நெத்தியில ஒரு சுருள் விழும். அத ஒரு ஊது ஊதிட்டுத்தான் அடிப்பாரு. எங்க அண்ணி சௌந்தரம் பொண்ணா இருந்தப்ப அந்தச் சுருளுக்காகவே ஒரே படத்த பதினோரு தடவ பாத்தவங்க. இன்னைக்கும் பீரோவுல பட்டுப் புடவைக்கு அடியில அவரு படம் இருக்கு. இது ஊருக்கே தெரியும், எங்க அண்ணிக்கு மட்டும்தான் ஊருக்குத் தெரியும்னு தெரியாது.

அன்னைக்கு நாடகம், சலூன். சூறாவளி நாற்காலியில உக்காந்திருக்காரு, கழுத்துல வெள்ளத்துணி. சலூன்காரரா நடிக்கிறவரு அந்தத் துணிய ஸ்டைலா ஒரு உதறு உதறி இழுத்தாரு. துணியோட டோப்பாவும் போயிடுச்சு. தல முழுக்க ஒரு முடி கிடையாது தம்பி, சீவி வச்ச எளநி மாதிரி விளக்கு வெளிச்சத்துல மின்னுது. அவருக்குத் தெரியல. கை நீட்டி வசனம் பேசுறாரு, “இந்தத் தலைய தொட்டுப் பாக்க இன்னும் ஒருத்தன் பொறக்கலடா”ன்னு.

அறுபது பேரும் மூச்சு விடல. சாமி மாதிரி மனுஷன், யாரு சிரிப்பாங்க? வின்சென்ட்டு பயத்துல பச்ச பல்ப அணைக்கிறதுக்குப் பதிலா செவப்பப் போட்டுட்டாரு. யாரும் கைதட்டவும் இல்ல. அப்பத்தான் நான் சிரிச்சேன். ரெண்டரை நிமிஷம். நான் கணக்குப் பாக்கல, பின்னாடி வின்சென்ட்டுதான் சொன்னாரு.

சூறாவளி மெதுவா திரும்பி சலூன் கண்ணாடியில பாத்தாரு. எழுந்து மேக்கப் ரூமுக்குப் போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல வின்சென்ட்டு கேமராவுக்குப் பூசை போட்ட தட்டோட வந்தாரு. அறுபது பேரும் கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணணும், இந்த டோப்பா விஷயம் ஒரு உசுருக்கும் தெரியக்கூடாதுன்னாரு. பண்ணினோம். சூறாவளி காருக்குப் போறப்ப என் முன்னாடி நின்னு, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. அவ்வளவு பெரிய கலைஞரு, ஒரு நல்ல ரசிகைய மதிக்கிறாரு பாருங்க.

மத்தவளுங்க பஸ்ஸுலயே ஆரம்பிச்சுட்டாளுங்க. நான் ஒருத்திதான் சத்தியத்தக் காப்பாத்தினேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அது சொல்றதுல சேராது. கீரைக்காரம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்குக் காது சரியா கேக்காது, அதனால கொஞ்சம் சத்தமா சொல்ல வேண்டியதாப் போச்சு.

அதுக்கப்புறம் பஸ் வரல. ஒரு வாரம் பாத்தேன், ரெண்டு வாரம் பாத்தேன். போன் பண்ணினா வின்சென்ட்டு இழுக்குறாரு. சூறாவளி கேட்டுகிட்டபடி படத்த அழிச்சுட்டாங்களாம். சத்தத்த வச்சுகிட்டாங்களாம். “உங்க சிரிப்பு சுத்தமா பதிவாயிருக்குக்கா, இனிமே எல்லா நாடகத்துக்கும் அதையே போட்டுக்கலாம். நீங்க வீட்டுல ஓய்வா இருங்க”ன்னாரு. ஆளு வேணாம், சிரிப்பு மட்டும் போதுமாம். ஞாயித்துக்கிழமை டிவி போட்டா, நான் செத்தாலும் சிரிக்காத மொக்கைக்கெல்லாம் என் சிரிப்பு போவுது. தெருவுல பாக்குறவங்க, “இதுக்கா சிரிச்சே?”ன்னு கேக்குறாங்க. என் ரசனைக்கே இழுக்கு.

அதையும் பொறுத்துகிட்டேன். அப்புறம்தான் பல்லு விஷயம் வந்துச்சு.

எங்க அண்ணியோட வீட்டுக்காரரு ஆளவந்தாருன்னு பேரு, நான் அண்ணன்னு கூப்புடுவேன். தாலுகா ஆபீஸ்ல எழுத்தரா இருந்து ரிட்டையர் ஆனவரு, தங்கமான மனுஷன். அவங்க புது வீட்டு கிரகப்பிரவேசத்துல ஒரு அதிரசத்த எடுத்துக் கடிச்சாரு. பல்செட்டு மேல் வரிசை அதிரசத்துலயே தங்கிடுச்சு. அவரு பேச்சு மும்முரத்துல அத கவனிக்காம, கடிக்க முடியலன்னு அதிரசத்தத் திரும்ப தட்டுலயே வச்சுட்டாரு. தட்டு சுத்தி வந்து புரோகிதர் கைக்குப் போயிடுச்சு. இத நான் வின்சென்ட்டுகிட்ட எப்பவோ பேச்சுவாக்குல சொன்னதுதான். பேர மட்டும் மாத்திக்கப்பான்னு கண்டிப்பாவும் சொல்லியிருந்தேன். மாத்தித்தான் இருந்தாரு. ஆளவந்தாருங்கிறத நாடாளவந்தாருன்னு போட்டிருந்தாரு. ஊரு செங்கல்பட்டு, வேலை தாலுகா ஆபீஸ், எல்லாம் அப்படியே.

அந்த ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுல அண்ணி வீட்டுக் கூடத்துல யாரு உக்காந்திருந்தாங்க தெரியுமா? சம்பந்தி வீட்டுக்காரங்க. அண்ணி பொண்ணு யமுனாவுக்குக் கல்யாணம் முடிவாகி, பத்திரிகை வாசகம் பேச வந்திருக்காங்க. டிவியில நாடாளவந்தாரு அதிரசத்தத் தட்டுல வைக்கிறாரு, உடனே கீச்சுன்னு என் சிரிப்பு. மாப்பிள்ளையோட அம்மா, “யாரு இந்தப் பொம்பள, இப்படிச் சிரிக்கிறா?”ன்னு கேட்டாங்களாம். சொந்தத் தம்பி பொண்டாட்டின்னு எப்படிச் சொல்லுவாங்க அண்ணி?

பத்திரிகை வந்துச்சு. ‘தாய்மாமன் ஏகாம்பரம்’ன்னு எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கு. அவ்வளவுதான். கீழ ஒண்ணும் இல்ல. தாய்மாமன்னா பொண்டாட்டி பேரோட சேத்துத்தான போடுவாங்க? மாமன் சீர்த்தட்ட நான்தான தூக்கணும்? யமுனா பிளஸ் டூ படிச்சது இந்த வீட்டுல. ரெண்டு வருஷம் தெனம் காலையில ரெட்ட சடை பின்னிவிட்ட கை தம்பி இது. எங்க வீட்டுக்காரரு, நான் மட்டும் போயி தட்டக் குடுத்துட்டு வந்துடுறேன்னாரு. அன்னைக்கு நான் அழுத அழுகைய எவனாவது பதிவு பண்ணியிருந்தா சீரியலுக்கு ஆயிருக்கும்.

யோசிச்சுப் பாத்தேன். கதைய சொன்னது நான், சரி. ஆனா சிரிச்சது பல்லுக்கு இல்லையே. டோப்பாவுக்குத்தான சிரிச்சேன்? அந்தப் பக்கம் போயே நாலு மாசம் ஆச்சே? செய்யாத குத்தத்துக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும்? நேரா சேனலுக்குப் போயி வின்சென்ட்டு முன்னாடி உக்காந்தேன். எழுதிக் குடுக்காம எந்திரிக்க மாட்டேன்னேன். அவரும் தலையச் சொறிஞ்சு சொறிஞ்சு, சேனல் பேரு போட்ட தாள்ல டைப் அடிச்சு, ரவுண்டு சீல் குத்திக் குடுத்தாரு. மனப்பாடமாவே இருக்கு எனக்கு.

‘சம்பந்தப்பட்ட அனைவருக்கும். கடந்த ஞாயிறு ஒளிபரப்பான நாடகத்தில் கேட்ட சிரிப்பு, திருமதி ஏ. திலகவேணி அவர்களால் மேற்படி பல்லைக் கண்டு சிரிக்கப்பட்டது அல்ல. அது நான்கு மாதங்களுக்கு முன்பு, வேறொரு நபரின் வேறொரு பொருளைக் கண்டு சிரிக்கப்பட்டது என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’

அத எடுத்துகிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் செங்கல்பட்டு போனோம். கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாளு இருக்கு. ஆளவந்தார் அண்ணன் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில பேப்பர் படிச்சுகிட்டிருந்தாரு. அண்ணி வாங்கன்னு சொன்னாங்க, எங்க வீட்டுக்காரரப் பாத்து மட்டும். நான் தாள நீட்டினேன். கண்ணாடி போட்டுகிட்டு ரெண்டு தடவ படிச்சாங்க. சீலையும் நகத்தால சுரண்டிப் பாத்தாங்க.

“எந்த நபர்? எந்தப் பொருள்?”ன்னாங்க.

சத்தியம் ஒரு பக்கம். அண்ணி பீரோவுல பட்டுப் புடவைக்கு அடியில இருக்கிற படம் இன்னொரு பக்கம். அஞ்சு நிமிஷம் நான் பேசாம நின்னேன். எங்க வீட்டுக்காரரு அது அஞ்சு செகண்டுன்னு சொல்றாரு, அவருக்கு டைம் பாக்கத் தெரியாது. அப்புறம் சொல்லிட்டேன். சலூன், வெள்ளத்துணி, எளநி, வசனம், எல்லாம் சொல்லிட்டேன்.

அண்ணி மூஞ்சி செவந்து போச்சு. “திலகா, எங்க வீட்டுக்காரர் பல்லப் பத்தி நீ என்ன வேணா பேசு. அது கழண்டு விழற பல்லுதான், ஊருக்கே தெரியும். அந்த முடியப் பத்தி ஒரு வார்த்தை பேசாத.”

அவ்வளவுதான், காரியம் கெட்டுதுன்னு நெனச்சேன். ஜன்னலோரம் பேப்பர் கீழ இறங்குச்சு. ஆளவந்தார் அண்ணனுக்கு இருபத்தெட்டு வயசுலயே வழுக்க விழுந்துடுச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த முடி, முதல் ஆடிக்கு இல்ல.

“திலகா, அத இன்னொரு தடவ சொல்லும்மா”ன்னாரு.

சொன்னேன். நாற்காலிய இழுத்துகிட்டு கிட்ட வந்து, துணிய எந்தக் கையால இழுத்தான்னு கேட்டாரு. மூணாந்தடவையும் சொல்ல வச்சாரு. “முப்பது வருஷமா சனிக்கிழம சனிக்கிழம இவ என் தலைக்கு எண்ண வச்சு விடுறா. ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு விடுவா. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகிட்டிருக்கா”ன்னாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு. சிரிச்சாரா அழுதாரான்னு சொல்லத் தெரியல. அண்ணி அடுப்படிக்குப் போயிட்டாங்க. அங்க ஏனம் உருள்ற சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு.

அண்ணன் ஒரு பேனாவும் பத்திரிகைக் கட்டும் எடுத்துகிட்டு வந்து உக்காந்தாரு. நானூறு பத்திரிகை தம்பி. முப்பத்தஞ்சு வருஷம் தாலுகா ஆபீஸ்ல எழுதின கையெழுத்து, முத்து முத்தா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஏகாம்பரம்கிற பேருக்குப் பக்கத்துல ‘திலகவேணி’ன்னு எழுதினாரு. பத்து எழுதுவாரு, நிறுத்திட்டு என்னப் பாத்து, “எளநி மாதிரியாம்மா?”ம்பாரு. ஆமாண்ணே எளநி மாதிரின்னு சொல்லுவேன். மறுபடி பத்து எழுதுவாரு. பொழுது சாயுற வரைக்கும் எழுதினாரு.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. ஆனா அண்ணி என்கிட்ட பேசல. பொண்ணழைப்புல பேசல, ரிசப்ஷன்ல பேசல. மூஞ்சியும் பளபளப்பு இல்லாம வாடிக் கெடந்துச்சு. எல்லாரும் பொண்ணப் பிரியற துக்கம்னாங்க. எனக்குத் தெரியும் அது என்ன துக்கம்னு. ஜெயிச்சுட்டேன், பேரு பத்திரிகையில வந்துடுச்சு, இருந்தாலும் சோறு எறங்கல எனக்கு.

முகூர்த்தத்தன்னைக்குக் காலையில நான் மாமன் சீர்த்தட்டோட மண்டப வாசல்ல நிக்குறேன். மேளக்காரங்களுக்காகக் காத்துகிட்டிருக்கோம். அண்ணி வந்தாங்க. தட்டுல இருந்த ஆப்பிள சரி பண்ற மாதிரி குனிஞ்சாங்க. என்னப் பாக்காமலே, ரொம்ப மெதுவா கேட்டாங்க.

“முழுசுமா, திலகா?”

எனக்கு அந்தத் தல கண்ணு முன்னாடி அப்படியே மின்னுது. பளபளன்னு. வாய் வரைக்கும் வந்துடுச்சு.

“சேச்சே, முன்னாடி ஒரு கைப்பிடிதான் அண்ணி. வயசாயிடுச்சுல்ல, அந்தச் சுருளுக்கு மட்டும் ஒரு ஒட்டு. மத்ததெல்லாம் அவரோட சொந்த முடி. நான்தான் கோவத்துல கூட்டிச் சொல்லிட்டேன்.”

“அதானே பாத்தேன்”ன்னாங்க அண்ணி.

மூஞ்சி மலர்ந்துடுச்சு தம்பி. ஆப்பிள நேரா வச்சாங்க, என் முந்தானை மடிப்பையும் நேரா இழுத்து விட்டாங்க. போட்டோக்காரரக் கூப்பிட்டு, “எங்க வீட்டு மருமகளும் நானும், ஒண்ணு எடுங்க”ன்னு என் தோள்ல கையப் போட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவ. அந்தப் படம் உள்ள மாட்டியிருக்கு, போறப்ப பாத்துட்டுப் போங்க.

டிக்கா? ரொம்பப் பிடிக்கும்னு போட்டுக்குங்க, போகட்டும். ஆனா தம்பி, அந்த முழுசும் போன சமாச்சாரம் உங்களோட இருக்கட்டும். உங்க ஆபீஸுல, அடுத்த தெருவுல, எங்கயும் பேசிடாதீங்க. எங்க அண்ணி காதுக்குப் போனா தாங்க மாட்டாங்க.